இளவேனிற்காலக் காய்கறிப் பண்ணைப் பணிகள்

இளவேனிற்காலக் காய்கறிப் பண்ணைப் பணிகள் என்பன, குளிர் மிகுந்த நாடுகளில் பனிக்காலம் முடியும் வேளையில் தொடங்கிக் கோடை பிறக்கும் வரை சிறு இயற்கை வேளாண் பண்ணைகளில் செய்யப்படும் நாற்று வளர்ப்பு, மண் பண்படுத்தல், விதைப்பு, களையெடுப்பு, நடவு முதலிய வேலைகளின் தொகுதியாகும். இக்கட்டுரை ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள மேய்ன், வெர்மாண்ட், நியூ ஹாம்சயர், மாசச்சூசெட்ஸ், நியூ யார்க் ஆகிய மாநிலங்களிலும், அவற்றை ஒட்டிய கனடாவின் கியூபெக் மாகாணத்தின் தென்பகுதியிலும் உள்ள பண்ணைகளைப் பற்றியது. இங்கு சிறு பண்ணை என்பது ஓர் ஏக்கரிலிருந்து சுமார் பத்து ஏக்கர் வரை பரப்புள்ளதும், ஒரு குடும்பமும் சில பணியாளர்களும் சேர்ந்து முப்பது நாற்பது வகைக் காய்கறிகளைப் பயிரிட்டு நேரடியாக உண்போருக்கு விற்பதுமான பண்ணையைக் குறிக்கும்.

எல்லாப் பண்ணைகளுக்கும் இளவேனில் முக்கியமானதே. எனினும் இயற்கை வேளாண் பண்ணைக்கு அதன் முக்கியத்துவம் வேறு வகையானது. களைக்கொல்லி தெளிப்பதற்கும், நீரில் உடனே கரையும் செயற்கை உரத்தை இட்டுப் பயிரை மீட்பதற்கும் இங்கு வழியில்லை. ஏப்ரலில் ஈர மண்ணை உழுததால் உண்டாகும் கட்டிகளும், மே மாதத்தில் விட்டுவிட்ட களைகளும் அக்டோபர் வரை அப்பண்ணையை விட்டு நீங்குவதில்லை. எனவே இப்பருவத்தின் வேலைகளுள் பெரும்பகுதி, பின்னால் வரக்கூடிய தொல்லைகளை முன்கூட்டியே தடுப்பதாக அமைந்துள்ளது.

பருவமும் காலக்கணக்கும்

தமிழ் மரபில் இளவேனில் என்பது சித்திரை, வைகாசி ஆகிய இரு மாதங்களைக் குறிக்கும். அதாவது ஏப்ரல் நடுப்பகுதி முதல் சூன் நடுப்பகுதி வரையான காலம். தமிழகத்தில் அது வெயில் கடுமையாகக் காயும் காலமாக இருக்க, வடகிழக்கு அமெரிக்காவின் காய்கறிப் பண்ணைகளில் வயல்வேலை மும்முரமாக நடப்பது ஏறத்தாழ அதே இரு மாதங்களில்தான். நாற்றங்கால் வேலை மட்டும் அதற்கு இரண்டு மாதங்கள் முன்னதாக, வெளியே பனி உறைந்து கிடக்கும் பெப்ரவரி இறுதியிலேயே தொடங்கிவிடுகின்றது.

மார்ச்சு இறுதியிலும் ஏப்ரலிலும் மேல்மண்ணின் பனி உருகுகின்றது. அடிமண் இன்னும் உறைந்தே இருப்பதால் அந்நீர் கீழிறங்க இடமின்றித் தேங்குகின்றது. மண் சாலைகளில் வண்டிகள் அச்சு வரை புதைந்து போகும். வெர்மாண்டு மக்கள் இதனை ஐந்தாவது பருவமாகக் கொண்டு 'சேற்றுக் காலம்' என்றே அழைப்பர். அதன் பின்னர் வருவது உழவர்கள் கணக்கிடும் முதன்மையான நாளான கடைசி உறைபனி நாள். தென்பகுதிக் கடலோரத்தில் இது ஏப்ரல் இறுதியிலோ மே தொடக்கத்திலோ அமையும். உட்பகுதிகளிலும் மலைச்சரிவுகளிலும் மே நடுப்பகுதிக்குப் பின்னரும் உறைபனி விழுவதுண்டு. இந்நாள் பல ஆண்டுப் பதிவுகளின் சராசரி மட்டுமே. எந்த ஆண்டிலும் அதனை நம்பித் தக்காளியை நடமுடியாது. 1815 ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததைத் தொடர்ந்து, 1816 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் நியூ இங்கிலாந்துப் பகுதியில் பனி பெய்து பயிர்கள் அழிந்தன. அவ்வாண்டு 'கோடையில்லா ஆண்டு' எனப் பெயர் பெற்றது.

நாட்காட்டியைவிடச் செடிகொடிகளைப் பார்த்து விதைப்பதும் இப்பகுதியின் பழைய வழக்கமாகும். டான்டிலயன் என்னும் மஞ்சள் பூச்செடி பூக்கும்போது உருளைக்கிழங்கையும், கருவாலி மரத்தின் தளிர் அணிலின் காதளவு ஆகும்போது மக்காச்சோளத்தையும் ஊன்றுவர். பின்னது அமெரிக்கப் பழங்குடி மக்களிடமிருந்து குடியேறிகள் கற்றது எனக் கூறப்படுகின்றது. மண்ணின் வெப்பம் ஆண்டுக்கு ஆண்டு முன்பின்னாக மாறுகின்றது. அவ்வெப்பத்திற்கேற்பவே மரமும் தளிர்ப்பதால் இவ்வழக்கத்தில் அறிவியல் பொருத்தம் உண்டு. இப்போது பலர் மண்வெப்பமானியையும் உடன் வைத்துக்கொள்கின்றனர்.

நாற்றங்கால்

ஆண்டின் முதல் விதைப்பு வெங்காயமும் லீக்ஸும் ஆகும். பெப்ரவரி இறுதியில், சூடேற்றப்பட்ட பசுமைக்குடிலிலோ வீட்டின் நிலவறையில் விளக்குகளின் கீழோ இவற்றை விதைப்பர். அவசரத்துக்குக் காரணம் பகல் நீளம். வடபகுதிக்குரிய வெங்காய வகைகள் பகல் சுமார் 14 மணி நேரத்துக்கு மேல் நீளும்போது, செடியின் வளர்ச்சி எந்நிலையில் இருந்தாலும், இலைவிடுவதை நிறுத்திக் கிழங்கு கட்டத் தொடங்கிவிடும். வெங்காயத்தின் ஒவ்வொரு வளையமும் ஓர் இலையின் அடிப்பகுதியே. ஆகவே சூன் மாதத்துக்குள் எத்தனை இலைகள் வளர்ந்தனவோ அதற்கேற்பவே வெங்காயத்தின் பருமன் அமையும். மூன்று வாரம் பிந்தி விதைத்தவருக்குச் சிறு வெங்காயமே கிட்டும், பின்னர் எவ்வளவு உரமிட்டாலும் பயனில்லை.

அடுத்து மார்ச்சில் குடைமிளகாய், கத்தரி, முட்டைக்கோசு, புரோக்கோலி, முதல் தவணை லெட்டூஸ் கீரை ஆகியன விதைக்கப்படும். தக்காளி, நடவுக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் முன்பு விதைக்கப்படும். வெள்ளரி, சுக்கினி, பரங்கி போன்ற கொடிவகைகளுக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களே போதும். அவற்றை முந்தி விதைத்தால் தொட்டியில் வேர் சுருண்டு, நட்ட பின் தேங்கி நின்றுவிடும். லெட்டூஸ் கீரையை ஏறத்தாழ இரு வாரத்துக்கொரு முறை கோடை இறுதி வரை விதைத்துக்கொண்டே இருப்பர்.

தக்காளி விதை முளைக்க 25 முதல் 30 பாகை செல்சியசு வெப்பம் ஏற்றது. குடில் முழுவதையும் அவ்வளவு சூடாக்குவது கட்டுப்படியாகாது. அதனால் விதைத்தட்டுகளை மின்வெப்பப் பாய்களின் மேல் வைத்து, முளைத்தவுடன் குளிர்ந்த மேடைக்கு மாற்றுவர். முளைத்த பின்னும் அதே சூட்டில் வைத்தால் நாற்று ஒளியைத் தேடி நெட்டையாகி வலுவிழக்கும்.

நாற்றுக்குப் பெரும்பாலும் நெகிழிக் குழித்தட்டுகள் பயன்படுகின்றன. சில பண்ணைகள் தட்டே இல்லாமல், ஈரமான கலவையைக் கையச்சில் அழுத்திச் செய்யும் மண்கட்டிகளில் விதைக்கின்றன. கட்டிகளுக்கிடையே காற்று இருப்பதால் வேர்நுனி கட்டியின் ஓரத்தை அடைந்ததும் நின்றுவிடுகின்றது. சுருளுவதில்லை. இம்முறையை அமெரிக்காவில் பரவலாக்கியவர் எலியட் கோல்மன் ஆவார். இவர் 1968 ஆம் ஆண்டில், எளிய வாழ்வு இயக்கத்தின் முன்னோடிகளான எலன் நியரிங், ஸ்காட் நியரிங் இணையரிடமிருந்து மேய்ன் மாநிலத்தின் ஆர்பர்சைடில் நிலம் வாங்கிப் பண்ணை தொடங்கியவர். 1989 ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி நியூ ஆர்கானிக் குரோவர்' என்னும் அவரது நூல் இன்றும் இத்துறையில் புதிதாக நுழைவோரின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக உள்ளது.

நாற்றுக்கலவையில் மட்கு உரம், கனிமத் தூள்கள் ஆகியவற்றுடன் ஈரத்தைப் பிடித்துவைக்கச் சதுப்புநிலங்களிலிருந்து எடுக்கப்படும் பீட் சேர்க்கப்படுகின்றது. சதுப்புநிலம் அழிவதைக் கருதி அதற்கு மாற்றாகத் தென்னை நார்க்கழிவைப் பயன்படுத்துவோரும் உளர். பொள்ளாச்சி வட்டாரத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் கட்டிகளாக அழுத்தி ஏற்றுமதியாகும் பொருள் இதுவேயாகும்.

நாற்றங்காலின் முதல் எதிரி நாற்றழுகல் நோய். முந்தைய நாள் நிமிர்ந்து நின்ற நாற்று, தண்டு மண்ணைத் தொடுமிடத்தில் இழையாகச் சிறுத்து, மறுநாள் காலையில் சாய்ந்து கிடக்கும். பித்தியம், ரைசோக்டோனியா முதலிய நுண்ணுயிரிகள் இதற்குக் காரணம். இயற்கை வேளாண்மையில் பூஞ்சைக்கொல்லியில் நனைத்த விதை அனுமதிக்கப்படுவதில்லை. ஆகவே காலையில் மட்டும் நீர் ஊற்றுதல், மாலைக்குள் மேல்மண் உலரவிடுதல், விசிறி கொண்டு காற்றோட்டம் தருதல் ஆகியவையே காப்பு. ஏப்ரலில் வெயில் சட்டென்று அடிக்கும் நாளில் குடிலின் பக்கத்திரையைத் திறக்க மறந்தால் ஒரு மணி நேரத்தில் வெப்பம் 40 பாகையைத் தாண்டி நாற்று முழுவதும் வாடிவிடும். இக்காலத்தில் பண்ணையை விட்டு வெளியூர் செல்ல எவரும் துணிவதில்லை.

மண் பண்படுத்தல்

வெயில் அடிக்கின்றது, நாற்று ஆயத்தமாக உள்ளது, ஆனால் மண் இன்னும் ஈரம். இளவேனிலில் மிகவும் கடினமான வேலை இக்காத்திருத்தலே எனலாம். களிமண் கலந்த நிலத்தை ஈரத்தில் உழுதாலோ மிதித்தாலோ மண்துகள்களுக்கு இடையிலான காற்றறைகள் நசுங்கி, காய்ந்ததும் செங்கல் போன்ற கட்டிகள் உண்டாகின்றன. உழவர்கள் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடித்து விரலால் தட்டிப் பார்ப்பர். உதிர்ந்தால் உழலாம், உருண்டையாகவே நின்றால் காத்திருக்க வேண்டும். மழை தொடரும் ஆண்டுகளில் இக்காத்திருப்பு மூன்று நான்கு வாரங்கள் நீள்வதுண்டு.

எந்தப் பாத்தி முதலில் ஆயத்தமாகும் என்பது முந்தைய இலையுதிர்காலத்திலேயே முடிவாகிவிட்ட ஒன்று. மூடுபயிராக ஓட்சு விதைத்திருந்தால் அது குளிர்காலத்தில் தானே மடிந்து காய்ந்த பாயாகக் கிடக்கும். அதை விலக்கிவிட்டு ஏப்ரலிலேயே பட்டாணி ஊன்றலாம். ரை தானியமோ உறைபனியைத் தாங்கி, பனி விலகியதும் மீண்டும் வேகமாக வளரும். அதனை முழங்கால் உயரத்துக்குள் மடக்கி உழுதுவிட வேண்டும். கதிர்விட்ட பின் உழுதால் முற்றிய தாளை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனையெல்லாம் தாமே எடுத்துக்கொள்ளும். மேலும் ரை மட்கும்போது வெளிவரும் வேதிப்பொருள்கள் சிறுவிதைகள் முளைப்பதைத் தடுப்பதால் இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடப்படும். வெட்ச் என்னும் அவரைக் குடும்பக் கொடியை ரையுடன் கலந்து விதைப்போர், அது பூக்கும் மே இறுதி வரை விட்டுவைப்பர். செழித்து வளர்ந்தால் ஓர் எக்டேருக்கு 100 கிலோகிராமளவு நைதரசனை அது மண்ணுக்குத் தரும். அந்நிலம் பரங்கிக்கும் பிந்திய தக்காளிக்கும் உரியது.

எரு இடுவதற்கும் விதியுண்டு. ஐக்கிய அமெரிக்காவில் 1990 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி உருவாக்கப்பட்டு 2002 அக்டோபர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தேசிய இயற்கை வேளாண் விதிகளின்படி, மட்காத சாணத்தை, மண்ணில் படும் காய்கறிகளுக்கு அறுவடைக்குக் குறைந்தது 120 நாட்களுக்கு முன்பும், மண்ணில் படாதவற்றுக்கு 90 நாட்களுக்கு முன்பும் இட்டு மண்ணில் கலந்திருக்க வேண்டும். மே 1 அன்று சாணம் இட்ட பாத்தியில் ஆகத்து 29க்கு முன் காரட்டோ லெட்டூஸோ அறுக்க இயலாது என்பது இதன் பொருள். எனவே இளவேனிற் பயிர்களுக்குச் சாணம் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே இடப்படுகின்றது. இளவேனிலில் இடப்படுவது, விதிகளில் கூறியவாறு 55 பாகைக்கு மேல் சூடேறி மட்கிய உரம் மட்டுமே.

இதனாலும் ஒரு குறை தீர்வதில்லை. மட்கு உரத்திலுள்ள நைதரசனைப் பயிர் உறிஞ்சத்தக்க வடிவுக்கு மாற்றுபவை மண்ணின் நுண்ணுயிர்கள். மண் 10 பாகைக்குக் கீழ் இருக்கும்போது அவை மிக மந்தமாகவே இயங்கும். இதனால் வளமான இயற்கைப் பண்ணையிலும் மே மாதத்தில் பயிர் வெளிறி நிற்பதுண்டு. பொசுபரசும் குளிர்மண்ணில் எளிதில் கிட்டாததால் தக்காளி இலைகளின் அடிப்புறம் ஊதா நிறமாகின்றது. சிலர் இரத்தத்தூள், மீன்கரைசல் முதலிய விரைவில் மட்கும் உரங்களை இடுவர். பலர் சூன் பிறக்கக் காத்திருப்பர். மண் சூடேறியதும் பயிர் பத்து நாளில் நிறம் மாறி எழும்.

உழுவதையே குறைக்கும் போக்கும் இப்போது வளர்ந்துள்ளது. கியூபெக்கின் சென்ட் ஆர்மண்டில் ஒன்றரை ஏக்கரில் பயிர்செய்த இழான் மார்ட்டின் போர்த்தியே, 2012 ஆம் ஆண்டில் பிரெஞ்சிலும் 2014 ஆம் ஆண்டில் ஆங்கிலத்திலும் வெளியிட்ட நூல் இதற்குப் பெரும் உந்துதல் தந்தது. 75 சென்டிமீட்டர் அகலமுள்ள நிலையான பாத்திகள், இரு கைப்பிடிகளும் நீண்ட இரும்புப் பற்களும் கொண்டு மண்ணைப் புரட்டாமல் நெகிழ்த்தும் 'கிரெலினெத்' என்னும் கருவி, பனி விலகியதும் பாத்திமேல் விரித்துச் சில வாரம் விட்டுவைக்கும் கருப்புத் தார்ப்பாய் ஆகியன இம்முறையின் அடையாளங்கள். தார்ப்பாயின் கீழ் மண் சூடேறிக் களைவிதைகள் முளைக்கின்றன. ஒளியின்றி அங்கேயே மடிகின்றன.

களை

இப்பண்ணைகளில் மனித உழைப்பை மிகுதியாகத் தின்பது களையே. தமிழ் வாசகர்களுக்கு வியப்பளிக்கக்கூடிய செய்தி, இங்கு பெருந்தொல்லை தரும் களைகளுள் மூன்று நாம் கீரையாக உண்பவை அல்லது அவற்றின் நெருங்கிய உறவுகள் ஆகும். செவ்வேர் கொண்ட காட்டுக்கீரை நமது முளைக்கீரை, தண்டுக்கீரை ஆகியவற்றின் பேரினத்தைச் சேர்ந்தது. மற்ற இரண்டும் சக்கரவர்த்திக் கீரையும் பருப்புக்கீரையும் ஆகும். காட்டுக்கீரைச் செடி ஒன்றே ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்க வல்லது. சக்கரவர்த்திக் கீரையின் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். ஆகவே ஓர் ஆண்டில் விதைக்கவிட்ட களை ஒரு தலைமுறைக்குக் கணக்கில் நிற்கும். இக்களைகளைப் பறித்துக் கட்டுகளாக உழவர் சந்தையில் விற்கும் பண்ணைகளும் உண்டு.

களை எடுக்கச் சிறந்த நேரம் களை கண்ணுக்குத் தெரியாத நேரம் என்பர். முளைத்து மேலே வருமுன், மண்ணுக்குள் வெள்ளை நூலிழை போல் இருக்கும் கட்டத்தில் மேல்மண்ணை இலேசாகக் கிளறினாலே அது காய்ந்துவிடும். இரண்டு இலை விட்ட பின் கொத்த வேண்டும், ஐந்து இலை விட்ட பின் குனிந்து பிடுங்க வேண்டும். நேரமும் அதற்கேற்பப் பன்மடங்காகப் பெருகும். ஆயினும் சுத்தமாகத் தெரியும் பாத்தியைக் கிளறிக்கொண்டிருக்கப் புதிய பணியாளர்களைப் பழக்குவது எளிதன்று.

இதன் அடிப்படையில் எழுந்ததே 'பழம்பாத்தி' முறையாகும். விதைப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பாத்தியை ஆயத்தம் செய்து, நீர் தெளித்து, களைகளை வேண்டுமென்றே முளைக்கவிடுவர். முளைத்தவற்றை ஆழமாகக் கிளறாமல், மேலாக வெட்டியோ தீச்சுவாலையால் வாட்டியோ அழித்த பின் விதைப்பர். ஆழக் கிளறினால் கீழுள்ள விதைகள் மேலே வந்து முயற்சி வீணாகும்.

காரட்டுக்கு இம்முறை இன்றியமையாதது. குளிர்மண்ணில் காரட் முளைக்க இரண்டு, மூன்று வாரங்கள்கூட ஆகும். களை அதற்குள் முளைத்து மூடிவிடும். எனவே விதைத்த பின்னும், காரட் தலைகாட்டுவதற்கு ஓரிரு நாள் முன்பு, புரொப்பேன் எரிவளிச் சுடரைப் பாத்தியின் மேல் நடைவேகத்தில் செலுத்துவர். களை எரிந்து கரியாக வேண்டியதில்லை. உயிரணுக்கள் வெடிக்கும் அளவு சூடேறினால் போதும். இலையை இரு விரலிடையே அழுத்தினால் கரும்பச்சை விரல்தடம் பதியுமாயின் அது மடியும் என அறியலாம். புல்வகைகளின் வளர்நுனி மண்ணுக்குள் இருப்பதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும். காரட் என்று தலைகாட்டும் என்பதை அறிய ஓர் எளிய உத்தி உண்டு. பாத்தியின் ஒரு சாணிடத்தை மட்டும் கண்ணாடித் துண்டால் மூடிவைப்பர். அங்கே மண் சற்று வெதுவெதுப்பாக இருப்பதால் மற்ற இடத்தைவிடச் சில நாள் முன்னதாக முளைக்கும். கண்ணாடியின் கீழ் முதல் முளை தெரிந்த அன்றே சுடர் செலுத்தப்படும். ஒரு நாள் தவறினால் பயிரும் சேர்ந்து வாடும்.

விதைப்பும் நடவும்

குளிர் தாங்குபவை, தாங்காதவை எனப் பயிர்கள் இரு பிரிவாகும். பட்டாணி மண் 5 பாகை இருக்கும்போதே மெல்ல முளைக்கும். ஸ்பினாச்சுக் கீரை, முள்ளங்கி, டர்னிப், அருகுலா ஆகியனவும் ஏப்ரலில் நேரடியாக விதைக்கப்படும். புதுப் பட்டாணியை விடுதலை நாளான சூலை 4 அன்று சால்மன் மீனுடன் உண்பது நியூ இங்கிலாந்தின் மரபு. அந்நாளுக்குள் காய்ப்பதே விதைப்புக்கு நாள் குறிக்கின்றது. விதைக்கிழங்கைச் சில வாரம் வெளிச்சத்தில் வைத்து முளைகட்டி ஏப்ரல் இறுதியிலிருந்து ஊன்றுவர். முந்தைய அக்டோபரில் ஊன்றி வைக்கோல் மூடாக்கிட்ட பூண்டு, எவர் உதவியுமின்றித் தானே தளிர்த்து நிற்கும்.

குடிலில் வளர்ந்த நாற்றை நேரே வயலில் நட்டால் காற்றும் வெயிலும் தாங்காது இலை வெளுத்து வாடும். நடவுக்கு முன் ஏழு முதல் பத்து நாள் நாற்றுகள் வெளியே வைக்கப்பட்டு, நீர் சிறிது குறைக்கப்பட்டுக் கடினப்படுத்தப்படுகின்றன. இதிலும் மிகை கூடாது. வாரக்கணக்கில் 10 பாகைக்கும் குறைந்த குளிரில் நின்ற புரோக்கோலி நாற்று பொத்தானளவு பூவை விட்டு நின்றுவிடும். வெங்காயமும் பீட்ரூட்டும் குளிர்காலம் கடந்துவிட்டதாகக் கொண்டு கிழங்கு கட்டாமல் பூத்தண்டு விடுவதுண்டு.

தக்காளி, கத்தரி, குடைமிளகாய், வெள்ளரி ஆகியவற்றின் நடவுக்கு மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையான நினைவு நாளை எல்லையாகக் கொள்வர். அதற்கு முன் நடுவது சூதாட்டம் போன்றதே. முதல் தக்காளிக்குச் சந்தையில் நல்ல விலை கிடைப்பதால் அச்சூதாட்டத்தில் இறங்குவோர் பலர். நெகிழித் தாள் போர்த்திய, சூடேற்றப்படாத உயர்கூடாரம் உள்ளவர்கள் ஏப்ரல் இறுதியிலேயே அதனுள் நட்டுவிடுகின்றனர்.

உறைபனி இரவுகள்

மே மாதத்தின் ஆபத்து பெரும்பாலும் மேகமற்ற, காற்றற்ற இரவுகளில் வருவது. பகலில் பெற்ற வெப்பத்தை நிலம் தடையின்றி வானுக்கு இழக்க, கனமான குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகின்றது. ஒரே பண்ணையில் மேட்டுப்பாத்தி தப்பிப் பள்ளத்துப் பாத்தி கருகுவது இதனாலேயே. எச்சரிக்கை கேட்டதும் பண்ணையார், பணியாளர், விருந்தாளி என அனைவரும் இருட்டும் வரை பாத்திகளின் மேல் வெண்ணிற இழைத்துணியை விரித்து மணல்மூட்டைகளை வைப்பர். மெல்லிய துணி ஒன்றிரண்டு பாகை வெப்பத்தையே காக்கும் என்றாலும் பல இரவுகளில் அவ்வேறுபாடே பயிரின் உயிர்.

2023 ஆம் ஆண்டு மே 17, 18 இடைப்பட்ட இரவில் வடகிழக்கு மாநிலங்கள் பலவற்றில் விழுந்த கடும் உறைபனி ஆப்பிள், திராட்சைத் தோட்டங்களுக்குப் பேரிழப்பை உண்டாக்கியது. பாத்தியைத் துணியால் மூடலாம், பூத்துக் காய்பிடித்த மரத்தோப்பை மூட இயலாது. இளவேனில் முந்தி வெதுவெதுப்பாகும் ஆண்டுகளில் மரங்கள் முந்திப் பூப்பதால் இவ்வாபத்து மிகுகின்றது.

பூச்சியும் நோயும்

தெள்ளுப்பூச்சி போலத் துள்ளும் சிறு கருவண்டுகள், அருகுலா, முள்ளங்கி முதலிய கோசு இனப் பயிர்களின் இலைகளைச் சல்லடையாக்கும். விதைத்த அன்றே துணி மூடினால் தப்பலாம். ஆனால் சென்ற ஆண்டும் அங்கே கோசு இனமே இருந்திருந்தால் வண்டுகள் துணிக்கு அடியிலேயே மண்ணிலிருந்து வெளிவரும். பயிர்ச்சுழற்சி இல்லாமல் துணியால் பயனில்லை. மே இறுதியில் மண்ணிலிருந்து எழும் கொலராடோ வண்டு உருளைக்கிழங்கு இலையின் அடியில் ஆரஞ்சு நிற முட்டைக் கொத்துகளை இடும். அவற்றை விரலால் நசுக்கிக்கொண்டே வரிசை வரிசையாக நடப்பது இப்பருவத்தின் வழக்கமான காலை வேலையாகும்.

நாற்றை வெளியிலிருந்து வாங்காமல் தாமே வளர்க்கப் பண்ணைகள் விரும்புவதற்குக் காரணம் உண்டு. 2009 ஆம் ஆண்டு இளவேனிலில், வீட்டுத் தோட்டக்காரர்களுக்காகக் கடைகளில் விற்கப்பட்ட தக்காளி நாற்றுகள் வழியாகப் பின்பருவ வாடல் நோய் வடகிழக்கு மாநிலங்கள் எங்கும் பரவியது. 1840களில் அயர்லாந்தில் பெரும்பஞ்சத்துக்குக் காரணமான அதே நோய் இது. மழை மிகுந்த அக்கோடையில் அது காற்றில் பரவி, செப்பு மருந்தைத் தவிர வேறு கருவியில்லாத இயற்கைப் பண்ணைகள் பலவற்றின் தக்காளியை அழித்தது.

பணமும் ஆட்களும்

இளவேனிலில் எல்லாம் செலவே. விதை, நாற்றுக்கலவை, எரிவளி, கூலி, கருவி பழுதுபார்ப்பு ஆகிய அனைத்துக்கும் மே மாதத்துக்குள் பணம் போய்விடும், பயிர் காசாவது சூன் இறுதிக்குப் பின்னரே. மே மாத உழவர் சந்தையில் விற்கக்கூடியவை குளிர்காலம் தாங்கிய ஸ்பினாச்சுக் கீரை, முள்ளங்கி, கூடாரத்தில் விளைந்த இளங்கீரை, தண்ணீர்விட்டான் தளிர் போன்ற சிலவே. பல பண்ணைகளுக்கு அம்மாதத்தில் கைகொடுப்பது வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு நாற்று விற்பதாகும்.

இவ்விடைவெளியை நிரப்ப வழிகண்டது 'சமூக ஆதரவு வேளாண்மை' முறை. உண்போர் ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு பங்குக்குப் பணம் செலுத்தி, விளைச்சல் காலம் முழுவதும் வாரந்தோறும் ஒரு பெட்டிக் காய்கறி பெறுவர். விளைந்தால் பங்கு நிறையும், பனியிலோ மழையிலோ போனால் இழப்பும் பகிரப்படும். ஐக்கிய அமெரிக்காவில் இது 1986 ஆம் ஆண்டில் மாசச்சூசெட்சின் தென்மேற்கு மூலையிலுள்ள இந்தியன் லைன் பண்ணையிலும், நியூ ஹாம்சயரின் டெம்பிள் வில்டன் சமூகப் பண்ணையிலும் தொடங்கியது. முன்னதன் நிறுவனர்களுள் ஒருவரான ராபின் வான் என் 1997 ஆம் ஆண்டில் இறக்கும் வரை இம்முறையைப் பரப்ப உழைத்தார். சப்பானில் 1970களிலேயே 'தெய்கெய்' என்னும் பெயரில் இதையொத்த ஏற்பாடு இருந்தது.

ஆட்கள் கிடைப்பது பணத்தினும் கடினம். குளிர்காலத்தில் வேலையின்மையால் ஆட்களை நிலையாக வைத்துக்கொள்ள இயலாது. ஆகவே ஒவ்வோர் இளவேனிலிலும் புதியோரே வருகின்றனர். இவர்களுள் வேளாண்மை கற்க வரும் பயிலுநர் பலர். மேய்ன் மாநிலத்தின் இயற்கை உழவர் சங்கமும், வடகிழக்கு இயற்கை வேளாண் சங்கமும் 1971 ஆம் ஆண்டு முதல் இத்தகையோருக்குப் பயிற்சியும் தொடர்பும் அளித்து வருகின்றன. களைக்கொத்தைப் பிடிக்கப் பழகிய பயிலுநர் செப்டம்பரில் விடைபெறுவதும், மறு ஏப்ரலில் முதலிலிருந்து கற்பிப்பதும் பண்ணையாரின் செலவுக் கணக்கில் எழுதப்படாத செலவுகள்.

வழக்கமாக சூன் நடுப்பகுதியில் முதல் பெட்டி வழங்கப்படுகின்றது. அதில் லெட்டூஸ், ஸ்பினாச்சு, முள்ளங்கி, டர்னிப், சில நேரம் முதற்பட்டாணி ஆகியன இருக்கும். அதனையொட்டிய வாரங்களில் பூண்டு, சுருண்ட பூத்தண்டை நீட்டுகின்றது. கிழங்கு பெருக்கவேண்டி ஒடிக்கப்படும் அத்தண்டுகளும் பெட்டியில் சேர்கின்றன. நாற்றங்காலில் தக்காளித் தட்டுகள் இருந்த மேடையில் இலையுதிர்காலத்துக்கான முட்டைக்கோசு விதைக்கப்படுகின்றது.